இரண்டாம் முறையும் இரண்டு கோடு

முதல் முறை இரண்டு கோடு விழுந்தபோது
நரங்கேரெல்
பள்ளிக்கூடக் கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு
தனியே சிரித்தாள்.

நான்காம் மாதம். தலன்சத்கத் மருத்துவமனை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தார்கள்.
வெள்ளைப் பட்டையில் மறுபடி இரண்டு கோடு.
இம்முறை கதவைச் சாத்தியவள்
நர்ஸ் செவெல்மா.

மங்கோலிய மொழியில் சிஃபிலிஸுக்குத்
தெம்பூ என்று பெயர்.
தெம்பு இல்லை, தெம்பூ.
நம் ஆட்கள் மேகம் என்றார்கள்.
வைத்தவர் யாரோ,
வானத்தைப் பார்த்துக்கொண்டே வைத்திருக்கிறார்.
கீழே பார்க்கக் கூசியிருக்கும்.

"எனக்கு எங்கேயும் வலிக்கவில்லையே."
"வலித்திருந்தால் முன்னமே வந்திருப்பாய்"
என்று மூக்கை உறிஞ்சினாள் செவெல்மா. அவளுக்கு ஜலதோஷம்.
"புண் வந்ததா?"
"இல்லை."
"உள்ளே வந்திருக்கும். உன் கண்ணுக்கு எட்டாத மடிப்பில்.
வந்து, இருந்து, தானாக ஆறியிருக்கும்.
உள்ளங்கையில்?"

உள்ளங்கையில்.
இலையுதிர் காலத்தில் ஒரு மூன்று வாரம்
செம்புக்காசு நிறத்தில் புள்ளிகள். பாதத்திலும்.
அரிக்கவில்லை.
பாத்திரம் தேய்க்கும் சோடாவைத் திட்டினாள்,
கையுறை வாங்கித் தராத தலைமை ஆசிரியரைத் திட்டினாள்.
பிறகு மறைந்துவிட்டது.
திட்டியதையும் மறந்துவிட்டாள்.

ஜாமியான் எல்லையில் இருந்தான்,
நாற்பது கிலோமீட்டர் நீளும் நிலக்கரி லாரி வரிசையில்.
மூன்றாம் முறை அடித்தபோது எடுத்தான்.
சொன்னாள். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது.
அப்புறம்,
"வசந்தத்தில் ஒரு கொப்புளம் இருந்தது.
சட்டைப் பொத்தான் மாதிரி, கெட்டியாக.
வலியில்லை. ஆட்டுக்கொழுப்பு தடவினேன், போய்விட்டது."

போய்விட்டதுதான்,
உள்ளே.

"யார்?" என்று கேட்க வாயெடுத்தாள்.
எர்தெனெத்தில், இவனுக்கு முன்னால்,
வாலிபால் ஆடும் ஒருவன் இருந்தான். எட்டு மாதம்.
அவன் பல்வரிசைகூட நினைவிருக்கிறது.
பட்டையில் விழுந்த கோட்டுக்குத் தேதி இல்லை.
யாரிடமிருந்து யாருக்கு என்ற அம்புக்குறியும் இல்லை.
"ஊசி போட்டுக்கொள்" என்று மட்டும் சொன்னாள்.
"போடாமல் வீட்டுக்குள் வராதே."

அவளுக்கு இடுப்பின் இரு பக்கமும் பென்சிலின்.
வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம்.
"பிள்ளைக்கு?"
"பிள்ளைக்காகத்தான் இத்தனை அவசரம்" என்றாள் செவெல்மா.
"நல்ல நேரத்தில் வந்திருக்கிறாய்.
இன்று ராத்திரி காய்ச்சல் வரலாம். வந்தால் கூப்பிடு."
வந்தது.
பற்கள் தட்டின, வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்,
செவெல்மாவின் எண்ணை அழுத்தினாள்.
விடியும்வரை மூன்று முறை பேசினார்கள்.
ஒருமுறை சூப்பைப் பற்றி.

வியாழக்கிழமை ஒரு புகைப்படம் வந்தது.
எல்லை ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டு, முத்திரை, கையெழுத்து.
கீழே:
"இரண்டு பக்கமும். உட்கார முடியவில்லை.
வரிசை நகர்ந்தால் நின்றுகொண்டுதான் ஓட்டவேண்டும்."
சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்காகக் கோபம் வந்தது.
பதில் போடவில்லை.
இன்னும் போடவில்லை.

திங்கள் காலை, பள்ளிச் சமையலறை.
மாவு பிசைந்த கையைக் கழுவி விரித்துக்
கணப்பில் காட்டினாள் ஹொங்கோர்சுல்.
செம்புக்காசுகள்.
"இந்தப் பாழாய்ப்போன சோடா" என்றாள்.

நரங்கேரெல் அந்தக் கையைப் பார்த்தாள்.
யாரேனும் வருகிறார்களா என்று கதவையும் பார்த்தாள்.

"நாளைக்கு எனக்கு ஊசி" என்றாள்.
"துணைக்கு வாயேன்.
எதற்கென்று வழியில் சொல்கிறேன்."